கதவு ஆள்

ஜூன் 9

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

இருமல் நின்றதா? போன தடவை போனில் நான்கு வார்த்தைக்கு ஒரு இருமல். அதைக் கேட்கப் போய்த்தான் "நர்ஸ் வேலையை எங்கிட்டக் காட்டாதே" என்று நீங்கள் கத்தினீர்கள். நானும் விடவில்லை. கடைசியில் யார் போனை முதலில் வைத்தது என்பதற்கே தனியாக ஒரு சண்டை. நமக்குப் போன் சரிப்பட்டு வராது என்று நீங்கள் சொன்னது சரிதான். காகிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் தபால்காரர் காதில் விழாது.

இங்கே எனக்குப் புது வேலை. மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு நர்ஸும் தன் பகுதி மக்களை வெள்ளத்துக்குத் தயார் செய்ய வேண்டுமாம். நம் தெருதான் கால்வாயை விடத் தாழ்வாயிற்றே, எனக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? ஊசி போட்டோமா, ரத்த அழுத்தம் பார்த்தோமா என்று இருந்தவள், இப்போது வீடு வீடாக ஏறி "உங்க வீட்டுல யாரால நடக்க முடியாது? யாருக்குக் கரண்ட் இல்லேன்னா மூச்சு நின்னுடும்? எந்த மருந்தை ஃப்ரிட்ஜில வெக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறேன். சிலர் டீ கொடுக்கிறார்கள். சிலர் நாயை அவிழ்த்து விடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நானே யோசித்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். தெருவில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'கதவு ஆள்'. தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் அந்த ஆள் ஓடி வந்து கதவைத் தட்ட வேண்டும். உள்ளேயிருந்து "வர்றேன் வர்றேன்" என்று குரல் கேட்டால் போதாது. முகத்தைப் பார்க்காமல் அங்கிருந்து நகரக் கூடாது. கதவு ஆளிடம் அந்த வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் பெரியவருக்கு வெல்டிங் கடைக்காரர். இன்சுலின் டீச்சருக்கு மருந்துக்கடைக்காரர். இப்படியே தெரு முழுக்க ஜோடி சேர்த்துவிட்டேன். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு அலைந்திருக்க மாட்டார்.

ஒரே ஒரு ஆள்தான் மடங்கவில்லை. நம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா. "எங்கதவை எவனும் தட்ட வேணாம். நானும் எவன் கதவையும் தட்ட மாட்டேன். ஜாக்கெட் தைக்கணும்னா வா, இல்லேன்னா வெளிச்சத்த மறைக்காதே, நகரு" என்றார். நீங்கள் இருந்தபோதும் இப்படித்தானே.

எல்லாரையும் முடித்தபின் மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "சிஸ்டர், உங்களுக்கு யாரு?" "அவர்தான், வேற யாரு?" என்று சொல்லிவிட்டேன். "அட, நான் ஒரு கூறுகெட்டவன், டிரைவர் சார் இருக்கும்போது என்ன கவலை" என்று அவரும் போய்விட்டார். நீங்கள் மலைப் பக்கத்து பஸ் டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனது தெருவில் யாருக்கும் தெரியாது. இரவு ஷிஃப்ட் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோபிக்காதீர்கள்.

மிளகும் தேனும் சாப்பிடுங்கள். இது நர்ஸ் சொல்வது இல்லை.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்


ஜூன் 24

நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. அது போன பிறகு பகலில் அறையில் சத்தமே இல்லை.

டிப்போவுக்கு மேலே ஓர் அறை, இரண்டு கட்டில். இன்னொரு கட்டில் கண்டக்டருடையது. அவர் விடும் குறட்டையில் பஸ்ஸே ஸ்டார்ட் ஆகிவிடும். அவர் ஊருக்குப் போகும் நாட்களில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வேடிக்கைதான். சின்னச் சட்டியில் ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க இன்னமும் வரவில்லை. கொஞ்சமாகப் போட்டால் அடிப்பிடிக்கிறது, கூடப் போட்டால் மிஞ்சுகிறது.

கதவு ஆள் விஷயத்துக்கு வருகிறேன். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. மூளை உனக்கு எப்போதுமே உண்டு. ஆனால் என் பெயரை எடுத்துவிடு. நான் இருக்கும் இடத்திலிருந்து உன் கதவைத் தட்ட எனக்கு அரை நாள் பயணம். இரவு ஷிஃப்டாம், இரவு ஷிஃப்ட்! வருஷம் முழுக்க இரவு ஷிஃப்ட் பார்க்க நான் என்ன ஆந்தையா? யாரிடமாவது உண்மையைச் சொல். இல்லை, வேறு யாரையாவது போடு.

நான் ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்தேன். நீ வந்தாய், நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்தாய், மாத்திரை கொடுத்தாய், பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாய். மறுநாளும் அப்படியே. "சாப்பிட்டப்புறம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றாய். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உன் புருஷன், உன் சுற்றில் இருக்கும் வீடு நம்பர் இல்லை. இதைச் சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்பாய். இருந்துவிட்டுப் போகட்டும்.

பெயரை எடு.

இப்படிக்கு,
டிரைவர்


ஆகஸ்ட் 18

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

பெயரை எடுக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒத்திகைக் கதையைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மணியை அடிக்கச் சொன்னோம். மணி அடித்தால் வெள்ளம் வந்ததாக அர்த்தம். எல்லாரும் அவரவர் ஜோடியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு வர வேண்டும். வெல்டிங் கடைக்காரர் நாற்காலியோடு பெரியவரைத் தூக்கிவிட்டார். பாதி வழியில் பெரியவர் "ரேடியோவை விட்டுட்டு வந்துட்டேன், எறக்குடா" என்று ஒரே ரகளை. "தாத்தா, வெள்ளம் வருது" என்றால், "வந்தா அது ரேடியோவுல சொல்லுவான் இல்ல?" என்கிறார். டீச்சர் நல்ல புடவை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு வாசலில் தயாராக நின்றார். இன்சுலினை மட்டும் மறந்துவிட்டார்! அவர் வீட்டு ஃப்ரிட்ஜும் ரிப்பேர். அதனால் அவருடைய இன்சுலின் இப்போது நம் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகிறார். வீட்டில் ஒரு குரல் கேட்கிறது.

எல்லாருக்கும் ஆளுக்கொரு விசில் கொடுத்தேன். அன்று முழுக்கத் தெருவில் ஒரே விசில் சத்தம். ஃபுட்பால் மேட்ச் தோற்றது போங்கள்.

தையல்காரம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார். நான் போய் நின்றதும் என்னை ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்த்து, "ஊருக்கெல்லாம் ஆள் வெச்சிட்டியே, ஒனக்கு?" என்றார். "எங்க வீட்டுக்காரர் இருக்காரே" என்றேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

சரி, ஏன் எடுக்கவில்லை? எடுத்தால் "ஏன் சிஸ்டர்?" என்று கேட்பார்கள். நான்தான் எல்லார் வீட்டுக்குள்ளும் போய் எல்லாம் விசாரிக்கிறவள். என் வீட்டை யாராவது விசாரித்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதுவும் தவிர, மாற்றுச் சாவி உங்களிடம்தானே இருக்கிறது? சட்டப்படி பார்த்தால் நீங்கள்தான் ஆள்.

காய்ச்சல் சமாச்சாரத்துக்கு நான் பதில் எழுதினால் அது சண்டையாகிவிடும். எனக்கு அப்படித்தான் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போங்கள். தெருவில் ஒரு தடவை நடந்தால் போதும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். தெர்மாமீட்டரை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்


செப்டம்பர் 12

நர்ஸம்மாவுக்கு,

பெரியவரின் ரேடியோவைப் படித்துச் சிரித்தேன். கண்டக்டரிடமும் சொன்னேன். "உங்க வீட்டம்மா நல்லா எழுதறாங்களே, நீங்க ஏன் இங்க கெடக்கறீங்க?" என்றார். டீ வாங்கி அவர் வாயை அடைத்தேன்.

சாவி பத்திரமாக இருக்கிறது. கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். காலையில் சட்டையை எடுக்கும்போது கண்ணில் படும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்தால் தெருவில் நடக்கிறேன். ஷிஃப்ட் முடித்து வந்தவன் மாதிரி கொட்டாவியும் விடுகிறேன், போதுமா?

இப்படிக்கு,
டிரைவர்


அக்டோபர் 8

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

ஞாயிறு வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையா? பஸ் ஓட்டுகிறவருக்கே பஸ் கிடைக்கவில்லை என்றால் நாங்கள் எங்கே போவது?

சும்மா எழுதினேன். வாசல் கழுவி வைத்திருந்தேன், அதுதான். மழை ஆரம்பித்துவிட்டது.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்


நவம்பர் 15

நர்ஸம்மாவுக்கு,

உங்கள் பக்கம் வெள்ளம் என்று ரேடியோவில் கேட்டேன். போன் அடித்தால் போகவே மாட்டேன் என்கிறது. டவர் விழுந்துவிட்டதாம். இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ.

போன மாதம் வராததற்குக் காரணம் எழுதக் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதவே இல்லை. லீவு கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு வரை போனேன். போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளச் செய்தி வந்த முதல் நாள் இங்கே டிப்போவில் எல்லாரும் தங்கள் வீட்டை நினைத்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். நான் கவலைப்படவில்லை. "எங்க வீட்ல நர்ஸம்மா இருக்கா. அந்தத் தெருவுல ஒரு கோழிகூட நனையாது" என்றேன். நீ இந்நேரம் பள்ளிக்கூட மாடியில் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருப்பாய். உனக்கென்ன, உன்னைச் சுற்றி ஒரு தெருவே இருக்கிறது.

எல்லாம் வடிந்ததும் எழுது. பெரியவர் ரேடியோவைக் கொண்டுவந்தாரா?

இப்படிக்கு,
டிரைவர்


நவம்பர் 30

உங்களுக்கு,

கடிதம் வந்தது. பெரியவர் ரேடியோவைக் கொண்டுவந்தார். நம் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மணி அடித்த கொஞ்ச நேரத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் மாடிக்குப் போய்விட்டார்கள். ஏற்பாடு பலித்தது. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

டீச்சரின் இன்சுலின் நம் வீட்டில் இருந்தது நினைவுக்கு வந்து திரும்பி ஓடினேன். முழங்கால் அளவு தண்ணீர். கிரில் கதவைத் திறந்து உள்ளே போனவள், உள்பக்கமாகப் பூட்டிவிட்டேன். வெள்ளத்தில் எவன் திருட வரப் போகிறான்? ஆனால் இந்த ஒன்றரை வருஷமாக உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகப் பூட்டிப் பூட்டிக் கைக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. தனியாக இருக்கிறவளின் கை அப்படித்தான் இருக்கும். இன்சுலின் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது சமையலறையில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் மடங்கிக்கொண்டது. சாவி தண்ணீரில் போய்விட்டது. கலங்கல் தண்ணீரில் எங்கே தேடுவது? கையால் துழாவித் துழாவிப் பார்த்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்தேன். தெருவுக்கெல்லாம் விசில் கொடுத்தேனே, எனக்கென்று ஒன்று எடுத்து வைக்கவில்லை. கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். அந்த மழையில் எனக்கே கேட்கவில்லை. முதலில் பயமில்லை. யாராவது வந்துவிடுவார்கள், நம் ஏற்பாடுதான் இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, யாரும் வர மாட்டார்கள். என் கதவு ஆள் நீங்கள். நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று தெரு முழுக்க நம்ப வைத்தவள் நான்.

அப்படியேதான் நடந்திருக்கிறது. மாடியில் "சிஸ்டரைக் காணோமே" என்று டீச்சர் கேட்டாராம். "டிரைவர் சார் வீட்டுல இருக்காரு, ரெண்டு பேருமா வந்துருவாங்க" என்றாராம் மருந்துக்கடைக்காரர். எல்லாரும் சரி சரி என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது தையல்காரம்மா எழுந்தாராம். அவரை யார் மாடிக்குக் கூட்டிவந்தார்கள் என்று கேட்காதீர்கள், அவராகவே தையல் மெஷினின் தலையைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "எந்த டிரைவர்? அந்த வீட்டுக் கொடியில ஆம்பளச் சட்ட ஒண்ணு காய்ஞ்சு நான் பாத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சட்ட தெக்கிறவ கண்ணுக்கு அதுகூடத் தெரியாதா? அவ ஒண்டியா இருக்கா, போங்கடா!" என்று கத்தியிருக்கிறார். தீயணைப்புக்காரர்களின் படகில் அவரும் ஏறிக்கொண்டார். யார் தடுத்தும் கேட்கவில்லையாம்.

தண்ணீர் மேடைக்கு மேல் வந்து என் இடுப்பைத் தொட்டபோது கிரில் அதிர்ந்தது. அளவு எடுக்கும் மரக்கோலால் தட்டுகிறார். "ஏய் நர்ஸு! மூஞ்சியக் காட்டு! மூஞ்சியப் பாக்காம நகரக் கூடாதுன்னு நீதானடி சொன்னே?" நான் ஜன்னல் பக்கம் முகத்தைக் கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா அழுதுவிட்டார். நானும் அழுதேன். மாற்றுச் சாவி யாரிடம் என்று தீயணைப்புக்காரர் கேட்டார். உங்கள் கட்டிலுக்கு மேல் ஆணியில் என்று எப்படிச் சொல்வது? கதவை அறுத்துத் திறந்தார்கள்.

இன்சுலின் பெட்டியைத் தலையில் வைத்திருந்தேன். நனையவில்லை. டீச்சர் நன்றாக இருக்கிறார்.

உங்கள்மேல் கோபம் இல்லை. மேடைமேல் உட்கார்ந்திருந்தபோதும் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ரொம்பத் தனியாக இருந்தது. இதற்கு முன் எனக்கு அப்படி இருந்ததில்லை என்று நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கிறது, ஓடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. தெருக்காரர்கள் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்து வரவில்லை. நீங்கள் தெரு இருக்கிறது என்று நினைத்துக் கவலைப்படவில்லை. இரண்டு பக்கமும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

நீங்கள் கேட்டபடி உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். தையல்காரம்மா "இப்பவாவது எம்பேரப் போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டேன். தெருவில் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும் மறுநாள் காலை கொஞ்ச நேரம் அதிகமாக உட்கார்ந்திருந்தார்.

புதுப் பூட்டு வாங்க வேண்டாம் என்று பூட்டுக்காரர் சொல்லிவிட்டார். அறுத்தது கதவுக் கொண்டியை மட்டும்தானாம். புதுக் கொண்டி வைத்துப் பழைய பூட்டையே மாட்டியிருக்கிறார். சேறு வழிக்கும்போது என் சாவியும் கிடைத்துவிட்டது. அதனால் உங்களிடம் இருக்கும் சாவி இன்னமும் செல்லும். தகவலுக்காக எழுதினேன்.

இப்படிக்கு,
நர்ஸம்மா


டிசம்பர் 14

அன்புள்ள உனக்கு,

இதை உன் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் வராது. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவேன்.

உன் கடிதத்தை டிப்போவில் நின்றபடி படித்தேன். அன்று நான் வண்டி எடுக்கவில்லை. "அந்தத் தெருவுல ஒரு கோழிகூட நனையாது" என்று நான் பீற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நீ இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாய். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

காலையில் வந்துவிட்டேன். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. திறக்கவில்லை. தட்டினேன். மறுபடி தட்டினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"யாரு? என்ன வேணும்?"

"நர்ஸம்மா..."

"அவ இல்ல. நாந்தான் அவ கதவு ஆள். எங்கிட்டச் சொல்லு. நீ யாரு?"

அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லையோ, தெரிந்துதான் கேட்டாரோ. வீட்டுக்காரர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பஸ் டிரைவர்" என்றேன். என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "காலர் கிழிஞ்சிருக்கு, கழட்டிக் குடு" என்றார். கழற்றிக் கொடுத்தேன். பனியனோடு உன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். தைத்து முடித்ததும், நீ அடுத்த தெருக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு சொல்லிக் கொடுக்கிறாய் என்றார். "போய்ப் பாரு. நொண்டிக்கிட்டுதான் நிக்கிறா."

போனேன். ஜன்னல் பக்கம் நின்றேன். நீ கணுக்காலில் கட்டோடு ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கதவை எப்படித் தட்ட வேண்டும் என்று மேஜையைத் தட்டிக் காட்டினாய். ஒருத்தர் பூனை சுரண்டுகிற மாதிரி தட்டினார். நீ சிரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! கூப்பிட்டிருக்கலாம். நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுமே என்று பயமாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் நகரவில்லை.

திரும்பி வந்து சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். அது அவரிடம்தான் இருக்க வேண்டும், உன் சட்டம் அது. அவர் வாங்கிக் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பின் நுனியில் முடிந்துகொண்டார். பிறகு கேட்டார், "சாவியக் குடுத்துட்டியே, இனிமே வந்தா எப்படி உள்ள போவ?"

"தட்டுவேன்" என்றேன்.

"அவ தொறக்கணுமே" என்றார்.

ஆமாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
டிரைவர்